முட்டை கொடுத்தவர்கள்

நண்பர்களே, வணக்கம். உடலின் பல வகைச் செல்லாகவும் மாறக்கூடியது ஸ்டெம் செல்; அதைக் கருவிலிருந்தும் எடுக்கிறார்கள். அந்த ஆய்வின் அறம் என்று பேச்செடுத்தாலே, கருவுக்கு உயிர் உண்டா இல்லையா என்ற வாதத்துக்குப் போய்விடுகிறோம். பெரிய கேள்விதான். ஆனால் அந்தக் கரு உருவாகும் முன்பே வலியைத் தாங்கிய ஒருத்தி இருக்கிறாள். நான் அவளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சிகிச்சைக்கான குளோனிங்கில், ஒரு பெண்ணின் கருமுட்டையிலிருந்து, மரபணு இருக்கும் உட்கருவை நீக்கிவிட்டு, நோயாளியின் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை வைக்கிறார்கள். அது கருவாகிச் சில நாள் வளர்ந்ததும் ஸ்டெம் செல்களைப் பிரிக்கிறார்கள். நோயாளியின் மரபணுவே இருப்பதால் அந்தச் செல்களை அவர் உடல் ஏற்கும் என்பது நம்பிக்கை. சரி, முட்டை எங்கிருந்து வருகிறது? வழக்கமாக மாதம் ஒன்று முதிரும் சினைப்பையில் ஒரே சமயத்தில் பல முட்டைகள் முதிர, நாள்தோறும் ஹார்மோன் ஊசி போடுவார்கள். அப்புறம் மயக்க மருந்து கொடுத்து, ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். சிலருக்குச் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரும். குழந்தைக்காக ஏங்குகிறவள் தனக்காக இதைத் தாங்குகிறாள். ஆய்வுக்குக் கொடுக்கிறவள்?

தென்கொரியாவில் சோல் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹ்வாங் வூ-சுக், குளோன் செய்த மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துவிட்டதாக 2004இல் 'சயின்ஸ்' என்ற அறிவியல் இதழில் எழுதினார். 2005இல், நோயாளிகளுக்கே பொருந்தும் 11 செல் வரிசைகள், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கி வளர்க்கக்கூடிய செல் தொகுதிகள், தயார் என்றார். நாடே கொண்டாடியது. சக்கர நாற்காலியில் இருப்பவர் எழுந்து நடப்பதுபோல் அஞ்சல்தலைகூட வெளியிட்டார்கள். அதைப் பார்த்து எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்! 2006 ஜனவரியில் பல்கலைக்கழக விசாரணைக் குழு சொன்னது: இரண்டு கட்டுரையும் பொய். பதினொன்றில் ஒன்றுகூட இல்லை.

எல்லோரும் அந்த மோசடியைப் பேசுகிறார்கள். எனக்கு ஆறாதது வேறு. 2,000க்கும் மேற்பட்ட முட்டைகளை, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களிடமிருந்து எடுத்திருந்தார்கள். சிலருக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். முட்டை கொடுத்தவர்களில் ஹ்வாங்கின் ஆய்வகத்திலேயே வேலை பார்த்த இளம் பெண்களும் உண்டு. தாமாக முன்வந்தார்கள் என்று சொல்லப்பட்டது. தன் படிப்பும் வேலையும் யார் கையில் இருக்கிறதோ, அவருக்கே முட்டை தேவைப்படும்போது ஒரு பெண் எப்படி "மாட்டேன்" என்பாள்?

ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்கா, முட்டையே இல்லாமல் சாதாரண உடல் செல்லைத் திருப்பி ஸ்டெம் செல்போல ஆக்கலாம் என்று 2006இல் எலியிலும், 2007இல் மனித செல்லிலும் காட்டினார். ஆனாலும் முட்டை வழி மூடவில்லை. 2013இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆய்வாளர் மித்தலிப்போவின் குழு, ஹ்வாங் பொய்யாகச் சொன்னதை உண்மையிலேயே செய்தது. அதற்கும் பெண்கள்தான் முட்டை கொடுத்தார்கள்.

நான் கேட்பது ஒன்றே. இத்தகைய ஆய்வுக் கட்டுரை ஒவ்வொன்றிலும், முட்டை கொடுத்தவர்கள் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு பத்தி கட்டாயம் எழுத வேண்டும்.