பின்னணி ரெண்டர்: எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நான் மவுஸைத் தொடவே இல்லை. ஆனால் லேப்டாப் சூடாகிறது, ஃபேன் இரைகிறது, ஹார்ட் டிஸ்க்கில் இடம் குறைந்துகொண்டே போகிறது. ஏதாவது வைரஸா?" வைரஸ் இல்லை. பெரும்பாலும் எடிட்டிங் மென்பொருள்தான் பின்னணியில் ரெண்டர் செய்துகொண்டிருக்கும். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதலில் ரெண்டர் எதற்கு என்று பார்த்துவிடலாம். காட்சிகளை வரிசையாக அடுக்குகிற டைம்லைனில் ஒரு கிளிப்பை வைக்கிறீர்கள். நிறத்தைத் திருத்துகிறீர்கள், மேலே தலைப்பு போடுகிறீர்கள், ஒரு காட்சி கரைந்து அடுத்தது தோன்றுகிற மாதிரி அடுத்த கிளிப்புக்கு ஒரு டிசால்வ் கொடுக்கிறீர்கள். இவ்வளவு செய்தும் மூலக் கோப்பில் ஒரு துளிகூட மாறவில்லை. என்னென்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பை மட்டும்தான் மென்பொருள் எழுதி வைத்திருக்கிறது. ப்ளே அழுத்தியதும் அந்தக் குறிப்பின்படி ஒவ்வொரு ஃப்ரேமையும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்தையும், அந்த நேரத்திலேயே கணக்குப் போட்டு உருவாக்கிக் காட்ட வேண்டும்.

நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கிற நேரம் 40 மில்லி நொடி. 4கே படத்தின் அகலம் 3840 புள்ளி, உயரம் 2160. பெருக்கினால் கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். சுமார் இரண்டரைக் கோடி எண்களை அந்த 40 மில்லி நொடிக்குள் எடுத்து, மாற்றி, திரைக்கு அனுப்பியாக வேண்டும். இதற்கே கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டும். அதற்கும் முன்னால், சுருக்கி வைத்திருக்கிற கோப்பிலிருந்து ஃப்ரேம்களைப் பிரித்தெடுக்க வேண்டும். ஃபோன்களும் பல கேமராக்களும் எழுதுகிற எச்.264, எச்.265 கோப்புகளில் ஒரு ஃப்ரேம் முழுதாக இருக்கும்; அடுத்து வருகிற பலவற்றில் மாறிய பகுதி மட்டும் இருக்கும். நடுவில் இருக்கிற ஒன்றைப் பார்க்க அக்கம்பக்கத்து ஃப்ரேம்களையும் பிரித்தாக வேண்டும்.

கம்ப்யூட்டரால் நேரத்துக்குள் முடிக்க முடியாவிட்டால் படம் திக்கித் திக்கி ஓடும். அப்போது என்ன வழி? அந்தப் பகுதியை ஒருமுறை பொறுமையாகக் கணக்கிட்டு, முடிவைத் தனிக் கோப்பாக டிஸ்க்கில் எழுதி வைத்துவிடுவது. அடுத்த முறை அந்தக் கோப்பை எடுத்து ஓட்டினால் போதும். இதுதான் ரெண்டர் கோப்பு.

முன்பெல்லாம் ரெண்டர் கொடுத்தால் காத்திருக்க வேண்டியதுதான். ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோவின், 2009இல் வந்த 7ஆம் பதிப்பில் திரை நடுவே ஒரு பெட்டி தோன்றி, எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டிக்கொண்டிருக்கும். அது போகும்வரை ஒரு வெட்டுகூட வெட்ட முடியாது. ரெண்டர் ஆகாத கனமான பகுதியை ஓட்டினால் படத்துக்குப் பதிலாக, ரெண்டர் ஆகவில்லை என்ற எழுத்தோடு நீலத் திரைதான் வரும். அது 32 பிட் மென்பொருள். எவ்வளவு நினைவகம் பொருத்தியிருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் அதனால் தொட முடியாது. 2011 ஜூனில் 64 பிட்டில் புதிதாக எழுதப்பட்ட ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் வந்தபோது, அதோடு பின்னணி ரெண்டரும் வந்தது. நீங்கள் சில நொடி கையை எடுத்தால் போதும், அது தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். திரும்ப வந்து எடிட் செய்யத் தொடங்கினால் ஒதுங்கி நிற்கும்.

டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளில் இதற்கு ரெண்டர் கேஷ் என்று பெயர். ஸ்மார்ட், யூசர் என்று இரண்டு முறைகள் உண்டு. ஸ்மார்ட் என்றால் எது கனமானது என்று மென்பொருளே முடிவு செய்யும். யூசர் என்றால் பெரும்பாலும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். டைம்லைன் மேலே இருக்கிற சிவப்புக் கோடு, கேஷ் ஆக ஆக நீலமாக மாறிக்கொண்டே போகும். அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ப்ரோவின் பழக்கம் வேறு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத்தில் நிலையைக் காட்டும்; நீங்கள் என்டர் விசையை அழுத்திக் கேட்டால் ரெண்டர் செய்து தரும். மஞ்சள் கோட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ரெண்டர் இல்லாமலேயே சரியாக ஓட வாய்ப்பு இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

சரி, நாம் சும்மா இருக்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் வேலை செய்தால் நல்லதுதானே? எப்போதும் நல்லதில்லை. நான் இந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டதே இதைச் சொல்லத்தான்.

இரவில் எடுத்த ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நொடி கிளிப், 250 ஃப்ரேம். இருட்டில் எடுத்ததால் படம் முழுக்க மணல் தூவியது போல நாய்ஸ். அதைக் குறைக்கிற எஃபெக்டைப் போடுகிறீர்கள். அது முன்னும் பின்னும் இருக்கிற ஃப்ரேம்களோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிற வகை என்றால் கனமான வேலை. ஒரு ஃப்ரேமுக்கு அரை நொடி பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 250 ஃப்ரேமுக்கு 125 நொடி. இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் பின்னணியில் ரெண்டர் முடிந்துவிட்டது. இப்போது காட்சி கொஞ்சம் இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தை ஒரு புள்ளி ஏற்றுகிறீர்கள். அவ்வளவுதான், அந்த 250 ஃப்ரேமும் செல்லாது. மறுபடி முதலிலிருந்து. ஏற்றியது அதிகமோ என்று கொஞ்சம் குறைத்தால் இன்னொரு முறை. அதற்கப்புறம் அந்தக் காட்சியே வேண்டாம் என்று தூக்கினால், செய்த கணக்கெல்லாம் வீண். பழைய ரெண்டர் கோப்புகள் மட்டும் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும்.

எடிட்டிங்கின் முதல் பாதி தேடல்தான். எந்தக் காட்சி முன்னால், எது பின்னால், எங்கே வெட்டுவது என்று மணிக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருப்போம். அந்தக் கட்டத்தில் பின்னணி ரெண்டரை ஆஃப் செய்து வையுங்கள். படம் திக்கினால் ப்ராக்ஸி கோப்புகளை உருவாக்கிக்கொள்ளுங்கள். அதாவது மூலக் கோப்புகளின் சிறிய, எளிதாக ஓடுகிற நகல்கள். ப்ராக்ஸியை ஒருமுறை செய்தால் போதும். காட்சியை எங்கே நகர்த்தினாலும், நிறத்தை எப்படி மாற்றினாலும் அது செல்லுபடியாகும். திரையில் காட்டுகிற தெளிவைப் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைத்து ஓட்டுகிற வசதியும் இருக்கிறது. வெட்டும் வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

வரிசை முடிவான பிறகு நிலைமை மாறுகிறது. நாய்ஸ் குறைப்பு, இடையில் புது ஃப்ரேம்களை உண்டாக்குகிற ஸ்லோ மோஷன், பல அடுக்கு கிராஃபிக்ஸ், இவை இருக்கிற இடங்களைப் பார்த்துப் பார்த்து ரெண்டர் கொடுங்கள். ஃபைனல் கட்டில் வேண்டிய கிளிப்பை மட்டும் தேர்ந்து ரெண்டர் கொடுக்கலாம். ரிசால்வில் இன்னும் நுணுக்கமான வசதி ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. கலர் பக்கத்தில் நாம் செய்கிற திருத்தங்கள் நோடுகளாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். நாய்ஸ் குறைப்பை முதல் நோடில் வைத்து, அந்த நோடை மட்டும் கேஷ் செய்யச் சொல்லலாம். அதற்குப் பின்னால் இருக்கிற நோடில் நிறத்தை நூறு முறை மாற்றினாலும் முதல் நோடின் கணக்கு அப்படியே நிற்கும். அதே நாய்ஸ் குறைப்பைக் கடைசியில் வைத்துப் பாருங்கள். முன்னால் இருக்கிற நோடில் விரல் பட்டாலே அத்தனையும் மறுபடி. எஃபெக்டுகளின் வரிசை மாறினால் படமும் கொஞ்சம் மாறும் என்பதால், எல்லாக் காட்சிக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாய்ஸைப் பொறுத்தவரை முதலில் வைப்பதே பெரும்பாலும் படத்துக்கும் நல்லது.

அடுத்து டிஸ்க். ஃபைனல் கட்டில் ரெண்டர் கோப்புகள் வழக்கமாக ஆப்பிளின் ப்ரோரெஸ் 422 என்ற வீடியோ வடிவத்தில் எழுதப்படும். 4கே, நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால், ஒரு மணி நேர வீடியோவுக்கு ஏறக்குறைய 265 ஜிபி. 1080 அளவில் என்றால் சுமார் 66 ஜிபி. ஃபோனில் எடுத்த மூலக் கோப்பு இதில் சின்னப் பங்குதான் இருக்கும். மூன்று நான்கு முறை மாற்றி மாற்றி ரெண்டர் ஆன பழைய கோப்புகளும் சேர்ந்தால் 500 ஜிபி டிஸ்க் எம்மாத்திரம்? வேகமும் ஒரு பிரச்சினை. அந்த 4கே கோப்பை ஓட்ட நொடிக்கு 74 எம்பி அளவுக்குப் படிக்க வேண்டும். சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பக்கம் படித்துக்கொண்டே மறுபக்கம் பின்னணி ரெண்டரையும் எழுதச் சொன்னால் இரண்டுமே தடுமாறும். முடிந்தால் ரெண்டர் கோப்புகளைத் தனி எஸ்எஸ்டியில் எழுதச் சொல்லுங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறதென்றால் பின்னணி ரெண்டரை நிறுத்திவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொரு பயமும் பலருக்கு இருக்கிறது. ரெண்டர் ஆகாமல் எக்ஸ்போர்ட் கொடுத்தால், அதாவது முடிந்த வீடியோவைத் தனிக் கோப்பாக வெளியே எடுத்தால், தரம் குறைந்துவிடுமோ என்று. குறையாது. ரெண்டர் ஆகாத ஃப்ரேம்களை எக்ஸ்போர்ட் நேரத்தில் மென்பொருள் மூலக் கோப்பிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளும். சொல்லப்போனால், கவனமாக இருக்க வேண்டியது நேர்மாறான இடத்தில். பிரீமியரிலும் ரிசால்விலும் ஏற்கெனவே ரெண்டர் ஆனதை எக்ஸ்போர்ட்டுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிற தேர்வு உண்டு. நேரம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் ரெண்டர் கோப்பு மட்டமான வடிவத்தில் இருந்தால் அந்த மட்டமான படமே இன்னொரு முறை சுருக்கப்பட்டு வெளியே போகும். ரெண்டர் வடிவம் தரமானது என்று தெரிந்தால் மட்டும் அதை டிக் செய்யுங்கள்.

2021இல் வந்த ஆப்பிளின் எம்1 ப்ரோ போன்ற சிப்புகளில் ப்ரோரெஸ் கோப்புகளைப் பிரிக்கவும் எழுதவும் தனிப் பகுதியே இருக்கிறது. எச்.264, எச்.265 கோப்புகளைப் பிரிக்கிற வன்பொருளும் இன்று பரவலாக இருக்கிறது. அதனால் சாதாரண வெட்டு, டிசால்வ், நிறத் திருத்தம், இவற்றுக்கெல்லாம் புதிய கணினியில் ரெண்டரே தேவைப்படாமல் போகலாம். அப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவர்கள் ஒரு வாரம் பின்னணி ரெண்டரை ஆஃப் செய்துவிட்டு வேலை பார்த்துப் பாருங்கள். எந்த இடத்தில் திக்குகிறதோ அங்கே மட்டும் கையால் ரெண்டர் கொடுத்தால் போதும்.

வேலை முடிந்து, எக்ஸ்போர்ட் ஆன வீடியோவை முழுதாக ஒருமுறை பார்த்துச் சரிபார்த்த பிறகு ரெண்டர் கோப்புகளை நீக்கிவிடலாம். ஃபைனல் கட்டில் ஃபைல் மெனுவிலும், ரிசால்வில் பிளேபேக் மெனுவிலும், பிரீமியரில் சீக்வென்ஸ் மெனுவிலும் அதற்கான கட்டளை இருக்கிறது. ஃபோல்டருக்குள் போய்க் கையால் அழிக்காதீர்கள். அவசரத்தில் மூலக் கோப்பிலேயே கை வைத்துவிட வாய்ப்பு உண்டு. ரெண்டரை எப்போது வேண்டுமானாலும் மறுபடி செய்துகொள்ளலாம். மூலக் கோப்பு போனால் போனதுதான். காப்பு நகல் எடுக்கும்போது மூலக் கோப்புகளும் ப்ராஜெக்ட் கோப்பும் கட்டாயம் இருக்கட்டும். ரெண்டர் கோப்புகளை அதில் சேர்க்க வேண்டியதில்லை.

நன்றி, வணக்கம்.