பள்ளிக்கூடம் விட்ட நேரத்து நாயகன்

நேயர்களுக்கு வணக்கம்.

2015 ஜனவரிக் கடைசி. சிகாகோவின் நடுவே டேலி பிளாசா என்ற சதுக்கத்தில் ஒரு வெண்கலச் சிலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். மட்டையை ஓங்கிப் பந்துக்காகக் காத்து நிற்கும் பேஸ்பால் வீரர். ரிக்லி ஃபீல்டு மைதானத்தின் வாசலில் இருந்த சிலை அது. சிலைக்குரியவர் எர்னி பேங்க்ஸ். ஜனவரி 23 அன்று அவர் காலமானார். ரசிகர்கள் வந்து அஞ்சலி செலுத்தட்டும் என்றுதான் சிலையை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். எலும்பைத் துளைக்கும் குளிரில், அறுபதைத் தாண்டிய ஆண்களும் பெண்களும் அதன் முன்னால் வந்து நின்றார்கள்.

அந்த வயதுக்காரர்களுக்கு அவர் என்னவாக இருந்தார் என்பது புரிய, ரிக்லி ஃபீல்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1988 ஆகஸ்ட் வரை அந்த மைதானத்தில் மின்விளக்கு கிடையாது. சிகாகோ கப்ஸ் அணி சொந்த ஊரில் ஆடிய ஆட்டமெல்லாம் பகல் ஆட்டம். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடி வந்தால், டிவியில் கடைசிச் சுற்றுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பையை எறிந்துவிட்டு உட்கார்ந்தால், அங்கே 14-ஆம் எண் சட்டையில் பேங்க்ஸ். ராத்திரி ஆட்டம் பெரியவர்களுக்கு. பேங்க்ஸ் பிள்ளைகளின் நேரத்தில் ஆடினார்.

நான் அந்த ஊரில் வேலை பார்த்தபோது, என்னைவிட மிகவும் மூத்த சக ஊழியர் ஒருவர் இருந்தார். பேச்சு பேங்க்ஸ் பக்கம் திரும்பினால் போதும், மூலையில் கிடக்கும் குடையை எடுத்து மட்டைபோலப் பிடிப்பார். பிடியின்மேல் விரல்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி வைப்பார், புல்லாங்குழல் வாசிப்பதுபோல. பேங்க்ஸ் அப்படித்தான் நிற்பாராம். காலி மனைகளில் ஆடிய பையன்கள் எல்லோரும் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். என் சக ஊழியரின் விரல்கள் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதை மறக்கவில்லை.

1931-இல் டல்லஸில் பிறந்தவர் பேங்க்ஸ். கறுப்பினத்தவருக்கென்று தனியாக இருந்த லீகில் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ஆடி, 1953 செப்டம்பரில் கப்ஸுக்கு வந்தார். அந்த அணியின் முதல் கறுப்பின வீரர் அவரே. தெருவுக்குத் தெரு நிறத்தால் பிரிந்து கிடந்த ஊர் அது. வடக்கே வெள்ளைக்காரப் பையனும் தெற்கே கறுப்பினப் பையனும் ஒரே மனிதரைப்போல விரலை அசைத்துப் பார்த்தார்கள் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஆள் ஒல்லி. மட்டையும் எடை குறைந்தது. மணிக்கட்டுச் சுழற்சியிலேயே பந்து வேலியைத் தாண்டும்; நம் கிரிக்கெட் சிக்ஸர்போல, அதை ஹோம் ரன் என்பார்கள். மொத்தம் 512 அடித்தார். 1958, 1959 இரண்டு ஆண்டுகளிலும் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கே. அந்த இரண்டு ஆண்டும் அவருடைய அணி வென்றதைவிடத் தோற்றது அதிகம்.

ஆமாம், தோற்றுக்கொண்டே இருந்தார்கள். 1969-இல் மட்டும் விடிவு வந்ததுபோல இருந்தது. ஆகஸ்ட் நடுவில் பட்டியலில் ஒன்பது ஆட்ட முன்னிலை. பிறகு சரிந்தது சரிந்ததுதான். நியூயார்க் மெட்ஸ் முந்திக்கொண்டு போனது. பேங்க்ஸுக்கு அப்போது 38 வயது. 2,528 ஆட்டங்கள் ஆடியவர், சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸில் ஒரு பந்துகூட எதிர்கொள்ளாமல் 1971-இல் ஓய்வுபெற்றார். 1970 மே 12 அன்று 500-ஆவது ஹோம் ரனை அடித்தபோது, மழை பெய்திருந்த ரிக்லி ஃபீல்டில் இருந்தவர்கள் 5,264 பேர்தான்.

ஆனாலும் மைதானத்துக்கு வந்தால் அவர் சொல்வது ஒன்றே: "என்ன அருமையான நாள், வாங்க, இன்னைக்கு ரெண்டு ஆட்டம் ஆடுவோம்!" தோற்கிற அணியில் இருந்துகொண்டு இன்னொரு ஆட்டம் கேட்டவர். பிள்ளைகளுக்கு அது நன்றாகப் புரிந்தது. இருட்டி, அம்மா கூப்பிட்ட பிறகும் "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று கெஞ்சுகிறவர்கள்தானே அவர்கள்.

இறுதிச் சடங்கு ஜனவரி 31-ஆம் தேதி நடந்தது. உயிரோடு இருந்திருந்தால் அன்று அவருக்கு 84-ஆவது பிறந்தநாள். தேவாலயத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம், சிலை நின்ற சதுக்கத்தைக் கடந்து, ரிக்லி ஃபீல்டு வழியாகப் போனது.

அடுத்த ஆண்டு, 2016 நவம்பர் 2 அன்று, 1908-க்குப் பிறகு முதல்முறையாக கப்ஸ் வேர்ல்டு சீரிஸை வென்றது. அந்த நாட்களில் ரிக்லி ஃபீல்டின் வெளிச்சுவர்ச் செங்கற்களில் மக்கள் சாக்பீஸால் எழுதத் தொடங்கினார்கள். அப்பா, தாத்தா, பாட்டி, அண்ணன் என்று, இந்த நாளைப் பார்க்காமல் போனவர்களின் பெயர்கள். கைக்கு எட்டிய உயரம் நிறைந்த பிறகு, ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, அதற்கு மேலேயும் எழுதினார்கள்.

வணக்கம்.