ஐந்து படி

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் பிஸ்கட் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் பிரிக்கப் பார்க்கும் பிள்ளைகளே, வணக்கம்.

இந்த மேடைக்கு ஐந்து படி. காலைத் தாங்கும் காலிப்பர் கம்பி மாட்டிய கால்காரனுக்கு எங்கே போனாலும் படியை எண்ணுவது பழக்கம். இரண்டு தம்பிகள் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்கள். அழைப்பிதழில் எனக்குப் போட்டிருக்கும் தலைப்பு 'தன்னம்பிக்கை'. அதைப் பேச இரண்டு பேர் தோள் தேவைப்பட்டது! சிரிக்கலாம், தப்பில்லை. நான் சொல்ல வந்ததே அதுதான்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடி என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன். 1975-ல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவர், கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போனார். உடல்திறன் சோதனையில் விழுந்து தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே அசைவு போயிற்று.

கழுத்துக்குக் கீழே என்றால் என்ன? மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஓட்ட ஆள் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் யாராவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். ராத்திரியும் அப்படித்தான். சுவரில் ஒட்டும் தன்னம்பிக்கைப் படங்களில் இதெல்லாம் வராது. அதில் எப்போதும் ஒரு சூரியன் உதிக்கும்.

அந்த நிலையில் இருந்தவர் 1981-ல் சொந்த ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு வைத்தார். சாக்பீஸைப் பிடிக்க முடியாதவர் பள்ளிக்கூடம் வைத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அது இருக்கட்டும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, பிறகு வந்து சேர்ந்த ஆடிட்டர் சங்கர ராமனின் சங்கதி. அவருக்குத் தசைச் சிதைவு நோய், சக்கர நாற்காலி. போலியோ வந்த என் கால் நேற்று எப்படியோ இன்றும் கிட்டத்தட்ட அப்படியே. தசைச் சிதைவு அப்படியில்லை. போன வருஷம் தூக்கிய டம்ளர் இந்த வருஷம் கனக்கும். நாளைக்கு உடம்பு இன்னும் குறையும் என்று தெரிந்த மனுஷன், சங்கத்தின் வருங்காலத் திட்டத்துக்கு வரவு செலவு போடுகிறார். நம்பிக்கை என்று நான் சொல்வது அந்தக் கணக்கு நோட்டைத்தான்.

ஒருவருக்குக் கை கால் அசையாது, இன்னொருவருக்குத் தசை கரைகிறது. இவர்கள் நடத்தும் சங்கத்து ஆட்கள் கிராமம் கிராமமாகப் போய், உட்காரவும் தவழவும் தாமதமாகிற குழந்தைகளைச் சின்ன வயசிலேயே கண்டுபிடித்து, வீட்டிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். தாய்மார்களே, உங்கள் தெருவில் அப்படி ஒரு குழந்தை இருந்தால் "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சீக்கிரம் காட்டச் சொல்லுங்கள்.

விடாமுயற்சி எங்களிடம் நிறையவே இருக்கிறது, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உங்களிடம் கேட்பது வேறு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக்கட்டடத்துக்குள் எல்லோரும் போய்வர வழி வேண்டும் என்கிறது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் சாய்தளம் என்பது கணக்கு. இந்த மேடை இரண்டரை அடி இருக்கும். முப்பது அடி போதும். அதோ, அந்தச் சுவரோரம் இடம் இருக்கிறது. உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறீர்கள்.

செயலாளர் குறித்துக்கொள்கிறார், பார்த்தேன். தம்பிகளா, வாங்க, இறங்கணும்.