கூட்டமே போடாமல் வந்துவிடும் கட்டடம்

வணக்கம் நேயர்களே, பேச அழைத்ததற்கு நன்றி. வட வர்ஜீனியாவில் இருக்கிற நமக்கு டேட்டா சென்டர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஆஷ்பர்ன் பக்கம் காரில் போனாலே ஜன்னல் இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் வரிசையாக நிற்கும், நம்மில் பல பேர் பார்க்கிற வேலையும் ஏதோ ஒரு வகையில் அவற்றுக்குள் ஓடுகிற சர்வர்களை நம்பித்தான். உலகத்தின் டேட்டா சென்டர் திறனில் சுமார் 13 சதவீதம் இந்த வட்டாரத்தில் இருப்பதாக மாநிலச் சட்டமன்றத்தின் ஆய்வு ஆணையம் 2024 டிசம்பரில் சொன்னது. அதனால் டேட்டா சென்டரே வேண்டாம் என்று பேச நான் வரவில்லை. வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில், யார், எப்போது அனுமதித்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

பக்கத்து நிலத்தில் கிரேன் வந்து நின்ற பிறகு கவுண்டி ஆபீசுக்கு போன் போட்டால் பெரும்பாலும் பலன் இருக்காது. அந்த நிலத்துக்கு என்ன ஜோனிங், அதாவது அங்கே எந்த வகைக் கட்டடம் வரலாம் என்ற விதி, என்பது பல வருடங்களுக்கு முன்பே முடிவாகியிருக்கும். லவுடன் கவுண்டியில் நீண்ட காலம் பல மண்டலங்களில் 'பை ரைட்' முறை இருந்தது, அதாவது விதிப்படி வரைபடம் கொடுத்தால் போதும், பொது விசாரணை கிடையாது, போர்டு, அதாவது கவுண்டியை நடத்த மக்கள் தேர்ந்தெடுத்த குழு, ஓட்டுப் போடுவதும் கிடையாது. 2025 மார்ச்சில்தான் அதை எடுத்துவிட்டு, இனி ஒவ்வொன்றும் போர்டு முன்னால் வரவேண்டும் என்றார்கள். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டால், பணம்தான். சர்வர்கள் மீது வரி வருகிறது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வருவதில்லை, ரோட்டில் நெரிசலும் இல்லை. எந்தக் கவுண்டிக்குத்தான் கசக்கும்?

சரி, விசாரணை நடந்தால் மட்டும் போதுமா? பக்கத்து பிரின்ஸ் வில்லியம் கவுண்டியைப் பாருங்கள். மனாசஸ் உள்நாட்டுப் போர்க்களப் பூங்காவை ஒட்டி, பேஜ்லேண்ட் லேன் ஓரமாக 2,100 ஏக்கர் அளவில் 'டிஜிட்டல் கேட்வே' என்ற டேட்டா சென்டர் திட்டம். இதில் வேடிக்கை என்னவென்றால், முதலில் இதைக் கேட்டுக்கொண்டு கவுண்டியிடம் போனதே அங்கே நிலம் வைத்திருந்தவர்கள்தான், மின் கம்பிகள் வந்த பிறகு இனி இங்கே என்ன கிராமம் என்று சேர்ந்து விற்க முடிவு செய்தார்கள், எதிர்த்ததோ பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள், ஆக இது கம்பெனிக்கும் மக்களுக்குமான சண்டை மட்டும் இல்லை, அக்கம்பக்கத்தாருக்குள்ளேயே வந்த சண்டை. 2023 ஜூனில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் திட்டத்தை ஆதரித்த போர்டு தலைவர் ஆன் வீலர், எதிர்த்துப் பேசிய டெஷண்ட்ரா ஜெஃபர்சனிடம் தோற்றுப்போனார். புதிய போர்டு ஜனவரியில் பதவி ஏற்க வேண்டும். அதற்குள், டிசம்பரில், சுமார் 27 மணி நேரம் ஓடிய கூட்டத்தில், விடிய விடிய மக்கள் பேசி முடித்த பிறகு, பழைய போர்டு 4-க்கு 3 என்று ஜோனிங் மாற்றத்தை அனுமதித்துவிட்டது. போகிற போர்டு இப்படிச் செய்யச் சட்டம் இடம் கொடுக்கலாம், எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

அப்புறம் நடந்ததுதான் பெரிய ஆச்சரியம். வீட்டு உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் நீதிபதி அந்த ஜோனிங் மாற்றமே செல்லாது என்றார். சத்தத்துக்காகவோ மின்சாரத்துக்காகவோ இல்லை, விசாரணை பற்றிய அறிவிப்பைச் சட்டப்படி நாளிதழில் வெளியிடவில்லை என்பதற்காக! வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்து விளம்பரத்துக்கு இவ்வளவு பலம்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம். குளிரூட்டும் கருவிகளின் ரீங்காரம் இரவும் பகலும் நிற்காது, மின்சாரம் போனால் ஓட்டுவதற்கான டீசல் ஜெனரேட்டர்களை அவ்வப்போது ஓட்டிப் பார்க்க வேறு வேண்டும். மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்கு டேட்டா சென்டர்கள் குடியிருப்புகளுக்கு அருகே இருப்பதாக அதே ஆணையம் சொல்கிறது. ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி 2024-இல் குடியிருப்பு எல்லையிலிருந்து 200 அடியாவது தள்ளிக் கட்ட வேண்டும், சத்தத்தை முன்கூட்டியே ஆய்வு செய்ய வேண்டும் என்று விதி போட்டது. 200 அடி என்ன பெரிய தூரம், நம் தெருவிலேயே நாலு வீடு தாண்டினால் வந்துவிடும். 500 அடிக்குள் வீடோ பள்ளியோ இருந்தால் சத்த ஆய்வு வேண்டும் என்று சட்டமன்றம் கொண்டுவந்த மசோதாவை 2025-இல் ஆளுநர் யங்கின் தடுத்துவிட்டார்.

வீடு வாங்கப் போகிறவர்கள் பள்ளிக்கூட ரேட்டிங் பார்க்கிற அதே நேரத்தில் கவுண்டியின் ஆன்லைன் வரைபடத்தையும் திறந்து, பின்னால் காலியாகக் கிடக்கிற நிலத்துக்கு என்ன ஜோனிங் என்று பாருங்கள், "அங்கே மரம்தான் சார்" என்று ஏஜெண்ட் சொல்வதை நம்பாதீர்கள். கவுண்டியிலிருந்து வருகிற கடிதத்தைக் குப்பைத் தபாலோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். விசாரணைக்குப் போனால் "எங்கள் ஊர் கெட்டுப்போகும்" என்று பொதுவாகப் பேசுவதை விட, எழுத்தில் என்ன உறுதி தருகிறீர்கள் என்று கேளுங்கள்: என் வேலி ஓரத்தில் இரவு எத்தனை டெசிபல், அடித்தொனி ரீங்காரத்தையும் அளப்பீர்களா, ஜெனரேட்டர் சோதனை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு. வர்ஜீனியாவில் ஜோனிங் மாற்றம் கேட்கிற கம்பெனி எழுதிக்கொடுக்கும் நிபந்தனைகள், போர்டு ஏற்றுக்கொண்டால், அந்த நிலத்தையே கட்டுப்படுத்தும், நாளைக்கு வேறொருவர் வாங்கினாலும்.