ஐந்து வருடம் கழித்து வரும் அறுநூறு ரூபாய்

(பெரம்பூர் பக்கம் ஒரு படிப்பகத்தில் ஞாயிறு காலை பேசியது. அப்படியே எழுதினால் பாதிக்குப் பாதி இருமல்தான் இருக்கும் என்பதால் கொஞ்சம் சீர்செய்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். முதலில் ஒரு கேள்வி. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். சரி, கிட்டத்தட்ட எல்லோரும். அதை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பிக்கிறவர்கள் மட்டும் கையை அப்படியே வையுங்கள். பாதி கை இறங்கிவிட்டது, பாருங்கள்.

அந்தப் பதிவு அட்டையை நம்பி நம் மாநிலத்தில் ஓர் உதவித்தொகை இருக்கிறது. பத்தாவது தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாவது முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியாக, கொஞ்சம் கூடுதலாக. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், பட்டதாரிக்கு ஒரு நாளைக்கு 20 ரூபாய் என்றால் நம்ம ஏரியாவில் ஒரு டீயும் வடையும்கூடத் தேறாது. ஆனால் தொகை குறைச்சல் என்று புலம்ப நான் இங்கே வரவில்லை, அதை எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். என் கோபம் வேறு. இந்தப் பணத்தை வாங்க, பதிவு செய்து 5 வருடம் முடிந்திருக்க வேண்டும், இடையில் பதிவு காலாவதி ஆகியிருக்கக் கூடாது, குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, வேறு எந்த வேலையும் சுயதொழிலும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் 3 வருடத்துக்குக் கொடுப்பார்கள், அதுவும் காலாண்டுக்கு ஒருமுறை.

சென்னையில் 5 வருடம் யார் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்? போன வருடம் என்னிடம் படிவம் நிரப்ப ஒரு தம்பி வந்தான், பி.காம். முடித்தவன், பகலில் போட்டித் தேர்வுக்குப் படிப்பு, ராத்திரி பைக்கில் சாப்பாடு டெலிவரி. ‘அண்ணே, இதை வேலைன்னு எழுதணுமா?’ என்று கேட்டான். எழுதினால் பணம் கிடையாது, எழுதாவிட்டால் பொய். பேனாவைக் கையில் பிடித்தபடி அவனும் நானும் கொஞ்ச நேரம் சும்மாவே இருந்தோம். 72,000 என்றால் மாதம் 6,000, அது அவன் ஒருத்தனுக்கு இல்லை, மொத்தக் குடும்பத்துக்கும். இந்தப் பகுதியில் ஒரு ரூமும் கிச்சனும் வாடகைக்கு எடுத்தாலே அந்தப் பணம் போய்விடும். வறுமைக் கோடு என்கிறோமே, இது கோடு இல்லை, மொட்டைமாடி விளிம்பு. ஒரு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால் தொபுக்கென்று கீழே.

இப்போது இன்னொரு பணத்தைப் பற்றிச் சொல்கிறேன், இது மத்திய அரசின் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டுக் கணக்கு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர் வேலையை இழந்தால், அவருடைய சராசரி நாள் சம்பளத்தில் பாதியை அதிகபட்சம் 90 நாளுக்குக் கொடுக்கும் திட்டம் ஒன்று 2018இல் சோதனை முறையில் தொடங்கியது. முதலில் கால்வாசிதான் கொடுத்தார்கள், கொரோனா வந்தபோது 2020இல் பாதியாக்கினார்கள், பிறகு தவணை தவணையாக நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். ஒழுங்கீனம் என்று வேலையை விட்டு நீக்கப்பட்டவருக்குக் கிடையாது, குறைந்தது 2 வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும், இப்படிச் சில நிபந்தனைகள் உண்டு. அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு மருந்து வாங்க நடையாய் நடக்கிறவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்று இருப்பதே பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம்.

கணக்குப் போடுங்கள். 15,000 சம்பளக்காரருக்கு மாதம் 112 ரூபாய் 50 காசு பிடிக்கிறார்கள். வேலை போனால் தோராயமாக நாளுக்கு 250, 90 நாளுக்கு 22,500. அந்தப் பக்கம் பட்டதாரி உதவித்தொகை 3 வருடமும் சேர்த்து 21,600. இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகைதான்! ஒன்று வாடகை பாக்கி நிற்கிற அந்த மூன்று மாதத்தில் வருகிறது, இன்னொன்று ஐந்து வருடம் காத்த பிறகு சொட்டுச் சொட்டாக வருகிறது. நான் சொல்ல வந்ததே இதுதான். சீர்திருத்தம் என்று சட்டசபையில் பேசும்போது எல்லோரும் எவ்வளவு என்று கேட்கிறார்கள், எப்போது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டால் முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம், தாலிக்குத் தங்கம் என்று ஜனங்கள் சொல்வது, அதை மாற்றித்தான் 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் வந்தது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000. கல்யாண மண்டபத்து வாசலில் நின்ற பணம் காலேஜ் வாசலுக்கு நடந்து வந்துவிட்டது. தங்கத்தை நம்பியிருந்த அம்மாக்கள் எங்கள் தெருவில் திட்டித் தீர்த்தார்கள், அவர்கள் வருத்தத்திலும் நியாயம் இருந்தது, ஆனாலும் அந்த மாற்றம் சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

வெளிநாட்டைப் பார் என்று சொன்னால் எனக்கே பிடிக்காது, இருந்தாலும் ஒன்று. பிரிட்டனில் ஆறு உதவிகளை ஒன்றாக்கி யுனிவர்சல் கிரெடிட் என்று 2012இல் சட்டம் போட்டார்கள். வேலைக்குப் போய் ஒரு பவுண்டு சம்பாதித்தால் உதவியில் 55 பென்ஸ் குறையும், முழுசாக அறுபடாது. நம்ம தம்பி பைக் ஓட்டியதை ஒளிக்கவே வேண்டியிருக்காது. ஆனால் அங்கேயும் முதல் பணம் கைக்கு வரச் சுமார் 5 வாரம் ஆகிறது, அதற்குள் கடன் வாங்குகிறார்கள். நேரம் என்கிற விஷயத்தில் அவர்களும் கோட்டை விட்டவர்கள்தான்.

இன்னொன்று, வேலை தேடுகிறவருக்கு உதவி என்றால் அதில் வேலை என்ற சொல்லே இருக்க வேண்டியதில்லை. 2021இலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2022இல் பள்ளியில் காலை உணவு வந்தது. வியாசர்பாடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு விடியற்காலையில் கிளம்புகிற அக்காவைக் கேளுங்கள், பிள்ளைக்கு இட்லி ஊற்றாமல் கிளம்ப முடிகிறது என்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று. மகளிர் உரிமைத் தொகையிலும் நல்லதுதான் அதிகம், ஆனால் வருடத்துக்கு 3,600 யூனிட் கரண்டைத் தாண்டினால் தகுதி இல்லை என்றார்களே, ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் ஓடுகிற வீட்டில் அது யாருடைய கரண்ட்?

2024 குரூப் 4 அறிவிப்பில் இருந்தது 6,244 இடம், விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். இங்கே இருக்கிறவர்களில் பலர் அந்த 20 லட்சத்தில் இருந்தவர்கள், எனக்குத் தெரியும். படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காத்திருக்கிற காலத்தில் கம்பெனி வேலைக்குப் போனால், முதல் மாதச் சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

டீ வந்துவிட்டது. சீட்டில் இ.எஸ்.ஐ. எண் இருப்பவர்கள், இரண்டு வருடத்துக்கு மேல் வேலை பார்த்து இப்போது வேலை போனவர்கள், டம்ளரை எடுத்துக்கொண்டு இந்த மேஜைக்கு வாருங்கள். படிவத்தை உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.