புது எஞ்சின் போட்டோம், கரண்டிகள் ஆடத் தொடங்கின: திருகோணமலையில் ஒரு பழைய கோஸ்டர் பஸ் வீடு

(காட்சி: வண்டிக்குள் சமையல் மேசை. இழுப்பறை அரைவாசி திறந்திருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.)

இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்கள். ஹெட்போன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

நிலாவெளி வீதி. மணிக்கு 55 கிலோமீற்றர் வரை ஒன்றுமே இல்லை. 60 ஐத் தொட்டதும் இழுப்பறைக்குள் இருக்கிற கரண்டிகள் எல்லாம் ஒன்றாகக் கிணுகிணுக்கத் தொடங்குகின்றன. காலை எடுத்தால் அடங்குகிறது. மறுபடி 60, மறுபடி கிணுகிணு.

எஞ்சின் போட்டு ஆறு நாள்தான் ஆகிறது. டயர் பார்த்தாயிற்று, வீல் நட் பார்த்தாயிற்று. கடைசியில் குறையைக் கண்டுபிடித்தவர் வாகன மெக்கானிக் இல்லை. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு எஞ்சின் பூட்டுகிற ஒரு அண்ணா. அவர் சொன்னதைக் கேட்டபிறகு எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவ்வளவு அழகான விசயம். அதனால்தான் இந்த வீடியோ.

வணக்கம் உறவுகளே. முதலில் பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

(காட்சி: வெளியிலிருந்து வண்டி. பின்னால் உப்புவெளிக் கடற்கரை.)

இது 1984 ஆம் ஆண்டு டொயோட்டா கோஸ்டர். என் மாமா சுற்றுலாக்காரரை ஏற்றி ஓடிய பஸ். அவர் ஓடுவதை நிறுத்தியதும் நாங்கள் இருக்கைகளைக் கழற்றிவிட்டு கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்து வீடாக மாற்றினோம். உள்ளே இருந்தது 3பி எஞ்சின், 3.4 லீற்றர் டீசல். ஓயில் மூடியைக் கழற்றி எஞ்சினை ஓடவிட்டால் மூடி இருந்த இடத்தில் புகை குபுகுபு என்று வரும். பிஸ்டன் ரிங் தேய்ந்து, மேலே அழுத்தப்பட வேண்டிய காற்று கீழே கசிகிறது என்று அர்த்தம். டீசல் எஞ்சினில் தீப்பொறிப் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. அழுத்தம் போனால் எல்லாம் போயிற்று.

ஒன்றை மட்டும் இங்கே நிறுத்திச் சொல்கிறேன். வண்டி கறுப்புப் புகை விட்டால் உடனே எஞ்சினை மாற்ற ஓடாதீர்கள். முதலில் காற்று ஃபில்டர், அப்புறம் டீசலைத் தெளிக்கிற நொசில். எத்தனையோ நல்ல எஞ்சின்கள் நொசில் குறைக்காகப் பழைய இரும்புக்குப் போகின்றன. எனக்கு அது தாங்கவே முடிவதில்லை.

சரி, பதிலுக்கு என்ன போட்டோம்? 14பி, 3.7 லீற்றர். அதே பி குடும்பம். பழைய 3பி இல் டீசல் முதலில் ஒரு சிறு அறைக்குள் பற்றி, அப்புறம் சிலிண்டருக்குள் பாயும். அந்த அறையின் சுவர் கொஞ்சம் சூட்டைக் குடித்துவிடும். 14பி இல் டீசல் நேரே பிஸ்டன் தலையில் உள்ள குழிக்குள் பாய்கிறது. வீணாகும் சூடு குறைவு, அதே டீசலுக்குத் தூரம் கூட. 2022 இல் கியூஆர் கோடு காட்டி டீசலுக்கு வரிசையில் நின்ற யாருக்கும் இதன் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

வாங்கும்போது எஞ்சின் இலக்கத்தையும் கடைப் பத்திரங்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது, அதை மாற்றிப் பதிய வேண்டும். ஸ்டாட்டர் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் அதன் தகட்டில் வாசித்துப் பாருங்கள். எங்கள் பஸ் 24.

ரேடியேட்டர், ஹோஸ்கள், வயர்கள் கழற்றி, செயின் பிளாக் போட்டு, பழையது இறங்கி, புதியது ஏறியது. உப்புக்காற்றில் இறுகிப்போன மவுண்டிங் போல்ட்டுகளோடு மட்டும் ஒரு முழுநாள் போயிற்று.

இனித்தான் விசயம்.

(காட்சி: கொட்பே. கரையில் ஏற்றி வைத்த ஒரு பலநாள் படகு. கமரா எஞ்சின் அறைக்குள் இறங்குகிறது.)

அந்த அண்ணா என்னைப் படகுக்குள் கூட்டிப்போனார். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தட்டு, அதோடு முகத்துக்கு முகம் இன்னொரு தட்டு. ஒன்று கியர்பொக்ஸுடையது, மற்றது சுழலி ஷாப்டுடையது. போல்ட்டைத் தளர்த்தி, இரண்டு தட்டுக்கும் இடையில், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்தார். மேலே, கீழே, இடம், வலம். நான்கு இடத்திலும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். நான்கு அங்குலத் தட்டு என்றால் வித்தியாசம் 0.1 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. ஒரு தாளின் தடிப்புத்தான் அது!

"ஆனா தம்பி, இப்ப பாக்கிறது சும்மா. கடைசியாப் பாக்கிறது தண்ணியிலதான்" என்றார். கரையில் கட்டைமேல் இருக்கும் படகின் உடம்பு ஒரு மாதிரி வளைந்திருக்கும். கடலில் இறக்கினால் தண்ணீர் அதைச் சுற்றிலும் தாங்கும், வளைவு மாறிவிடும். இறக்கி, ஒரு நாளாவது மிதக்கவிட்டு, அப்புறம் மறுபடி அளப்பார்களாம். திருகோணமலையில் பிறந்து வளர்ந்த எனக்கு, படகு தண்ணீரில் வேறு வடிவம் எடுக்கும் என்பது இத்தனை வயதில் தெரிந்தது.

அப்போ நான் கேட்டேன்: "அண்ணா, பஸ்ஸிலயும் இப்படி நேர்கோட்டில இருக்க வேணுமா?"

"இல்ல. பஸ்ஸில நேரா இருந்தா பழுது."

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இந்த வீடியோவில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

(காட்சி: கையில் ஒரு யுனிவர்சல் ஜொயின்ட். மெதுவாகத் திருப்பப்படுகிறது.)

பஸ்ஸின் பின் ஆக்சில் குழிக்குக் குழி மேலும் கீழும் போகிறது. அதனால் கியர்பொக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஷாப்டின் முனைகளில் இந்தச் சிலுவை மூட்டு. அதன் நான்கு கால்களிலும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள். மூட்டு கொஞ்சமாவது வளைந்திருந்தால்தான் அந்த ஊசிகள் உருளும், கிரீஸ் பரவும். முழுக்க நேராக வைத்தால் ஒரே இடத்தில் நின்று அடிவாங்கி, இரும்பில் குழி விழுத்திவிடும். ஒன்று, ஒன்றரைப் பாகை வளைவு வேண்டும்.

வளைவு கூடினாலும் தொல்லை. வளைந்த மூட்டு ஒரே வேகத்தில் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். அடுத்த மூட்டும் அதே அளவு வளைந்திருந்தால் முதலாவது செய்த குழப்பத்தை அது சரிசெய்துவிடும். ஆனால் கோஸ்டர் நீளமானது; ஷாப்ட் இரண்டு துண்டு, நடுவில் அதைத் தாங்குகிற சென்டர் பேரிங், மொத்தம் மூன்று மூட்டு. பின்னால் உள்ள இரண்டும் ஒன்றையொன்று சமாளித்துக்கொள்ளும். முதலாவது மூட்டுக்குத் துணை இல்லை. ஆகவே அதன் வளைவு மிகச் சிறிதாக இருந்தே ஆக வேண்டும்.

என் பஸ்ஸில் அளந்தோம். பெரிய கருவி ஒன்றும் வேண்டாம், போனில் இருக்கிற மட்டம் பார்க்கும் செயலி போதும். கியர்பொக்ஸ் பின்பக்கமாக 5 பாகை சாய்வு. முதல் ஷாப்ட் 1 பாகை சாய்வு. வித்தியாசம் 4!

எஞ்சின் பூட்டிய கராஜில், தரைத் தகட்டில் முட்டுகிறது என்று கியர்பொக்ஸின் வாலை 25 மில்லிமீற்றர் கீழே இறக்கியிருக்கிறார்கள். ஒரு தீப்பெட்டியின் அகலம்கூட இல்லை. கியர்பொக்ஸ் ஒரு பக்கம் கூடச் சாய, ஷாப்ட் மறுபக்கம் நிமிர, இரண்டும் சேர்ந்து மூட்டில் வந்து விழுந்திருக்கிறது.

கரண்டி ஏன் 60 இல் ஆடியது? டயர் ஒரு சுற்றுக்கு 2.4 மீற்றர், ஆக்சில் விகிதம் ஐந்து, அதாவது ஷாப்ட் ஐந்து சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீற்றரில் ஷாப்ட் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 35 சுற்று. சுற்றுக்கு இரண்டு அதிர்வு, ஆக 70. செக்கனுக்கு 70 தடவை யாரோ அடியிலிருந்து தரையைத் தட்டினால் கரண்டி சும்மா கிடக்குமா?

(காட்சி: வண்டிக்கு அடியில். வால் மவுண்டிங்.)

அண்ணா மவுண்டிங்கை வெட்டவில்லை. வாலைப் பழைய உயரத்துக்குத் தூக்கினார், முட்டிய தரைத் தகட்டில் உள்ளங்கை அளவு வெட்டி ஒரு மூடி போட்டார். மறுபடி அளந்தோம்: வித்தியாசம் ஒன்றரைப் பாகைக்குள். வேலை முடிய மத்தியானம் ஆகிவிட்டது, அவர் காசு வாங்க மறுத்து, பொரித்த கும்பிளா மீனோடு சோறு மட்டும் எங்கள் பஸ்ஸுக்குள் இருந்து சாப்பிட்டார்.

எஞ்சின் மாற்றப் போகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. பழையதைக் கழற்ற முதல் போனை எடுத்து, கியர்பொக்ஸ், ஷாப்ட், ஆக்சில் மூன்றின் சாய்வையும் அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான் எழுதாமல் விட்டேன்.

(காட்சி: மீண்டும் நிலாவெளி வீதி, மாலை. இழுப்பறை.)

55... 60... 65. கேட்கிறதா? கடல்காற்று மட்டும்தான்.

40 இல் மட்டும் அடியில் ஒரு சின்ன முனகல் இன்னும் இருக்கிறது. அது சென்டர் பேரிங்கைச் சுற்றியுள்ள ரப்பர், வெடித்துப்போயிருக்கிறது. திருமலையிலோ மட்டக்களப்பிலோ 1984 கோஸ்டருக்குப் பொருந்துகிற ஒன்று யாரிடமாவது இருந்தால் கீழே கமெண்டில் எழுதுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.