விற்ற பொருளை மாற்ற யாரைக் கேட்க வேண்டும்?

(தேசிய நுகர்வோர் தினத்தையொட்டி ஒரு கல்லூரியின் நுகர்வோர் மன்றத்தில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்து, ஏழை எளியவர்களின் மனுவைப் பொறுமையாகக் கேட்டவர் என்று பெயர் எடுத்த ஐயா அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மேல் பாராட்டிவிட்ட கணினிப் பயன்பாட்டுத் துறைத் தலைவர் அவர்களே, தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த மண்டபத்தை இலவசமாகத் தந்து, ஒலிபெருக்கிக்கும் ஏற்பாடு செய்த நிர்வாகத்தினருக்கு எங்கள் நுகர்வோர் சங்கத்தின் சார்பில் தனியாக ஒரு நன்றி.

இன்று டிசம்பர் 24. 1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்த நாள். வழக்கமாக இந்த மேடையில் எடைக்கல், காலாவதி மருந்து, அதிகபட்ச விற்பனை விலை என்றுதான் பேசுவோம். இந்த ஆண்டு மன்றச் செயலாளரான மாணவி, "இணைய விளையாட்டைப் பற்றிப் பேசுங்கள் ஐயா, எங்கள் பணம் அங்கேதான் போகிறது" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். பணம் கட்டிச் சூதாடும் ஆட்டங்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவற்றைத் தடுக்க 2025ல் நாடாளுமன்றம் சட்டமே கொண்டுவந்துவிட்டது. மாதச் சந்தா கட்டி, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று விஷயங்களைத் தொட ஆசை. ஒன்று, ஒரு விளையாட்டை அதன் நிறுவனமே திசை மாற்றியபோது ஆடியவர்கள் ஏன் கொதித்தார்கள் என்பது. இரண்டு, நம் சட்டத்தில் அதற்கு என்ன வழி. மூன்று, அப்பாவின் கைப்பேசியில் பிள்ளைகள் தெரியாமல் வாங்கிவிடும் பொருட்கள்.

எங்கள் அப்பத்தா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லும்: "இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போகாதே." இன்றைய கதை முழுக்க அந்தப் பழமொழிதான்.

2003 ஜூன் மாதம், அமெரிக்காவின் சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் லூகாஸ் ஆர்ட்ஸோடு சேர்ந்து 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸிஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. மாதச் சந்தா ஏறக்குறைய 15 டாலர். ஸ்டார் வார்ஸ் படங்கள் என்றதும் ஒளிவாளும் விண்கலச் சண்டையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளர் ராஃப் கோஸ்டர், அங்கே ஒரு ஊரையே உண்டாக்கப் பார்த்தார். முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள். துப்பாக்கியைத் தொடாமலே ஒருவர் மாதக்கணக்கில் ஆடலாம்.

பாலைவனக் கிரகத்தில் பெரிய மிருகத்தோடு சண்டை போட்டு ஒருவர் ஊருக்குத் திரும்புகிறார். உடல் காயத்தை மருத்துவர் ஆற்றுவார். மனச்சோர்வு தீர வேண்டுமானால் மதுக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்து, அங்கே நடனம் ஆடுகிறவரையோ இசைக்கிறவரையோ பார்க்க வேண்டும். அந்த ஆட்டக்காரரும் எங்கோ ஒரு ஊரில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதர். வீரர் அவருக்கு அன்பளிப்பு கொடுத்துவிட்டு, உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவார். நட்பெல்லாம் அங்கேதான் உருவானது.

ஆயுதம் செய்கிறவரின் பாடு இன்னும் ரசமானது. உலோகங்கள் தரத்துக்குத் தரம் மாறும். நல்ல தரத்தில் ஒன்று கிடைக்கிறது என்றால், அது சில நாள்தான் இருக்கும்; அப்புறம் அந்த வகை திரும்ப வரவே வராது. ஆகவே இரவு பகலாக இயந்திரம் வைத்துத் தோண்டிச் சேமிப்பார்கள். அதில் செய்த துப்பாக்கியில் செய்தவர் பெயர் இருக்கும். அந்தப் பெயரைத் தேடிக் கடைக்கு ஆள் வரும். சொந்த வீடு, சொந்தக் கடை, ஆடுகிறவர்களே கட்டிய நகரம், அந்த நகரத்துக்கு வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த மேயர். ஒளிவாள் ஏந்தும் ஜெடாய் வீரர் ஆவது மட்டும் மகா கஷ்டம். கதைப்படி அந்தக் காலத்தில் ஜெடாய்கள் அழிந்தே போனவர்கள் அல்லவா? அதனால் பல தொழில்களைக் கற்றுத் தேர்ந்து, மாதக்கணக்கில் உழைத்தவர்களுக்குத்தான் அந்தக் கதவு திறந்தது.

குறைகளும் இருந்தன. பிழைகள் மலிந்திருந்தன, புதிதாக வருகிறவருக்கு ஒன்றும் புரியாது. சரிசெய்ய வேண்டிய விளையாட்டுதான், மறுக்கவில்லை.

2004 நவம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வந்தது. எளிமையானது, விறுவிறுப்பானது. ஓராண்டில் 50 லட்சம் சந்தாதாரர்களைச் சேர்த்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் சோனி நிறுவனத்தாருக்கு உறக்கம் போய்விட்டது. 2005 ஏப்ரலில் சண்டை முறையை ஒருமுறை மாற்றினார்கள். அதற்கே முணுமுணுப்பு எழுந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி 'ட்ரையல்ஸ் ஆஃப் ஓபி-வான்' என்ற புதிய விரிவாக்கத்தை, அதாவது விளையாட்டோடு கூடுதலாகச் சேரும் பகுதியை, தனி விலைக்கு விற்றார்கள். ரசிகர்கள் ஆசையோடு வாங்கினார்கள். இரண்டே நாளில், நவம்பர் 3ஆம் தேதி, விளையாட்டின் அடிப்படையையே மாற்றப்போகிறோம் என்று அறிவிப்பு. நவம்பர் 15ஆம் தேதி மாற்றியும் விட்டார்கள்.

முப்பத்துச் சொச்சம் தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. மிருகங்களைப் பழக்கி வளர்த்தவர்களின் தொழிலே காணாமல் போனது. கைவினைஞர்களை எல்லாம் 'வணிகர்' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டார்கள். யோசித்து ஆடிய சண்டை, குறிபார்த்துப் பொத்தானைத் தட்டும் சண்டையாக மாறியது. மாதக்கணக்கில் தவம் கிடந்து அடைந்த ஜெடாய் நிலையை, அன்று காலையில் வந்து சேர்ந்தவர் முதல் திரையிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். தவம் கிடந்தவருக்கு வயிறு எரியாதா? இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போகாதே!

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொன்னால்தான் விஷயம் முழுதாக விளங்கும்.

எங்கள் ஊரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மெஸ் இருந்தது. ஊர்ப் பெயர், ஆள் பெயர் வேண்டாம். மதியம் பன்னிரண்டரைக்கு இலை போடுவார்கள். சுண்டைக்காய் வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், மிளகு ரசம், ஒரு பொரியல், கெட்டித் தயிர். லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தாக்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், தபால்காரர்கள், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த வாத்தியார்கள், எல்லோருக்கும் அதுதான் வீடு. மாதத்துக்கு டோக்கன் புத்தகம் தருவார். ரோஸ் நிறத் தாள், ஒவ்வொன்றிலும் ரப்பர் முத்திரை. யாருக்குப் புளிப்பு ஆகாது, யாருக்கு ரசம் இரண்டாம் தடவை வேண்டும் என்று பரிமாறுகிற அண்ணனுக்கு அத்துப்படி. ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் அறைக்கு ஆள் அனுப்பிப் பார்க்கும் மெஸ் அது.

எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு புதுக் கடை திறந்தார்கள். ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன். காலேஜ் பையன்கள் வண்டியை நடு ரோடு வரைக்கும் நிறுத்திவிட்டு நின்றார்கள். நம் மெஸ்காரர் கல்லாவில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதம் பிறந்தது. டோக்கன் புத்தகத்தை வழக்கம்போல எல்லோருக்கும் விற்றார். மூன்றாம் நாள் மதியம் போனால் வாசலில் புதுப் பலகை: சைனீஸ், நார்த் இண்டியன். உள்ளே இலை இல்லை, பீங்கான் தட்டு. வத்தக்குழம்பு இல்லவே இல்லை!

ஓய்வு பெற்ற தலைமைத் தபால்காரர் ஒருவர், எழுபது வயதிருக்கும், டோக்கன் புத்தகத்தைக் கல்லாவில் வைத்து, "தம்பி, நான் காசு கொடுத்தது வத்தக்குழம்புக்கு" என்றார். மெஸ்காரர் நல்ல மனிதர், சண்டை போடவில்லை. "மிச்சத்துக்குக் காசைத் திருப்பித் தந்துடறேன் பெரியவரே" என்றார். பெரியவர், "காசு கெடக்கட்டும், நான் நாளைக்கு எங்கே சாப்பிடுவேன்?" என்று கேட்டார். கல்லாவைச் சுற்றி நின்றவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

காலேஜ் பையன்கள் வந்தார்களா? வரவில்லை. அவர்களுக்குத்தான் கண்ணாடிக் கதவு இருக்கிறதே! பழையவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். தை மாதத்துக்குள் மெஸ்காரர் பழையபடி இலை போடலாம் என்று முடிவெடுத்தார். ஆனால் வத்தக்குழம்பு வைத்த சமையல்காரர் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார். என்ன செய்ய? இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போகாதே!

அந்த விளையாட்டிலும் இதே கதைதான். விரிவாக்கத்தை வாங்கியவர்கள் கொதித்தெழுந்ததும், பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று நிறுவனம் சொன்னது. பணம் திரும்பும். கடை, வாடிக்கை, கூடி உட்கார்ந்த மதுக்கூடம் திரும்புமா? ஆடியவர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். நாளேடுகளில் செய்தி வரும் அளவுக்கு விஷயம் பெரிதானது. அப்போது நிறுவனத்துக்குத் தலைமை வகித்த ஜான் ஸ்மெட்லியே பிற்காலத்தில் அந்த முடிவுக்காக வெளிப்படையாக வருந்தினார். 2011 டிசம்பர் 15ஆம் தேதி விளையாட்டை மூடிவிட்டார்கள். 2005 மாற்றங்களுக்கு முந்தைய வடிவத்தைத் தன்னார்வலர்கள் கூலி வாங்காமல் வரிவரியாக மறுபடி எழுதி, ஆடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு பொருளின் மேல் இவ்வளவு பிரியம் வைத்த வாடிக்கையாளர்களை விரட்டிவிட்டார்களே என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

வேறு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜாகெக்ஸ் என்ற நிறுவனம் 'ரூன்ஸ்கேப்' விளையாட்டை நடத்துகிறது. 2012 நவம்பரில் அவர்களும் சண்டை முறையைத் தலைகீழாக மாற்றினார்கள். அங்கேயும் எதிர்ப்பு, அங்கேயும் வெளியேற்றம். ஆனால் அவர்களிடம் 2007 ஆகஸ்ட் மாதத்துப் பழைய பிரதி ஒன்று பத்திரமாக இருந்தது. 2013 பிப்ரவரியில் ஆடுகிறவர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். நாலு லட்சத்துக்கும் மேல் வாக்கு விழுந்தது. அதே மாதம் பழைய வடிவத்தைத் தனியாகத் திறந்துவிட்டார்கள். அதில் புதிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் நூற்றுக்கு 75 பேர் சம்மதிக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். பின்னர் அதை 70 ஆக்கினார்கள். இன்றைக்குப் புது வடிவத்தைவிடப் பழைய வடிவத்தில்தான் கூட்டம் அதிகம். வார்கிராஃப்ட் நிறுவனமும் 2019 ஆகஸ்டில் தன் பழைய வடிவத்தை 'கிளாசிக்' என்று திறந்தது.

சட்டத்துக்கு வருகிறேன். ஐயா அவர்கள் இருக்கும் மேடையில் நான் சட்டம் பேசுவது சரியில்லை என்றாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு பிரிவு உண்டு. நுகர்வோரின் உரிமையைப் பெரிதும் பாதிக்கும் ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் நிபந்தனையைப் படித்தால்தானே அது நியாயமா இல்லையா என்று தெரியும்? "எப்போது வேண்டுமானாலும், எதை வேண்டுமானாலும் மாற்றுவோம்" என்ற வரி ஏறக்குறைய எல்லா இணைய விளையாட்டு ஒப்பந்தங்களிலும் இருக்கிறது. பக்கம் பக்கமாக ஓடும் ஆங்கிலத்துக்குள் அது புதைந்து கிடக்கிறது. கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தான். இந்த மண்டபத்தில் அதை முழுதாகப் படித்துவிட்டு அழுத்தியவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கையும் உயரவில்லை. நான் உங்களைக் குறை சொல்லவில்லை. அது படிப்பதற்காக எழுதப்பட்டதே இல்லை.

எங்கள் சங்கம் ஊர் ஊராகக் கேட்பது இதைத்தான்: தமிழ்நாட்டில் காசு வாங்கிக்கொண்டு விற்கும் எந்த இணையச் சேவையின் நிபந்தனையும் தமிழில் இருக்க வேண்டும், எளிய தமிழில் இருக்க வேண்டும். மாற்றுவோம் என்ற வரி முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் வர வேண்டும். நடக்கிற காரியமா என்று சிலர் கேட்கிறார்கள். 2023ல் வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். நம் விவரங்களைக் கேட்டு அனுப்பும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அட்டவணையில் 22 மொழிகள், அதில் தமிழும் உண்டு. என் பிறந்த தேதியைக் கேட்பதற்குத் தமிழ் வேண்டும், என் பணத்தை வாங்குவதற்குத் தமிழ் வேண்டாமா? விளையாட்டுக்கு மட்டுமில்லை. காப்பீடு, கைப்பேசிக் கடன் செயலி, பாட்டு கேட்கும் சந்தா, எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். போன வருடம் பாலிசித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுத ஒரு தாயாருக்கு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

நேரம் ஆகிவிட்டது என்று துறைத் தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். மூன்றாவது விஷயத்துக்கு, அதாவது பிள்ளைகள் கைப்பேசியில் வாங்குவதற்கு, இன்னொரு கூட்டத்தில் வருகிறேன். முதல்வர் அம்மா மனசு வைத்தால் பெற்றோர் சந்திப்பு நாளிலேயே பேசலாம்.

வாசல் பக்கம் நீல விரிப்பு போட்ட மேசையில் கையெழுத்துப் படிவம் இருக்கிறது. மாநில நுகர்வோர் துறை அமைச்சருக்கு அனுப்பும் மனு அது. தமிழில்தான் இருக்கிறது, ஒன்றரைப் பக்கம். நின்று முழுதாகப் படியுங்கள், கேள்வி இருந்தால் மேசையில் இருக்கும் தோழரைக் கேளுங்கள், சம்மதம் என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். புகார் உள்ளவர்கள் தேசிய உதவி எண் 1915ஐக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி வரை நானும் அங்கேதான் இருப்பேன். நன்றி, வணக்கம்.